டாக்கர் நெட்வொர்க்குகளைச் சுத்தம் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள் டாக்கர். புதுப் புராஜெக்ட் ஒன்றை ஏற்றும்போது, ஒதுக்குவதற்கு முகவரித் தொகுப்பு (ஐபி முகவரிகளின் வரம்பு) மிச்சமில்லை என்று சில நேரம் அது பிழை காட்டும். இயல்பான அமைப்பில், நாமாக உருவாக்கும் பிரிட்ஜ் நெட்வொர்க்குகளுக்கு (ஒரே கணினியில் உள்ள கன்டெய்னர்களை இணைப்பவை) சுமார் 30 இடங்கள்தான். பல கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் கம்போஸ் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வதால் சீக்கிரமே நிரம்பிவிடும். அப்போது எல்லோரும் அடிக்கும் கட்டளை, பயன்படாத நெட்வொர்க்குகளை அழிக்கும் ‘டாக்கர் நெட்வொர்க் ப்ரூன்’. நல்ல கட்டளைதான். ஆனால் பயன்படாதவை என்று அது எவற்றைக் கருதுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடிக்கக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் ஒன்றாவது இணைந்திருந்தால்தான் அந்த நெட்வொர்க் தப்பும். நிறுத்தி வைத்த கன்டெய்னர் கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை மாலை டெஸ்ட் சர்வரில் ‘கம்போஸ் ஸ்டாப்’ கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். இடையில் யாரோ ப்ரூன் ஓட்டுகிறார். திங்கட்கிழமை ‘கம்போஸ் ஸ்டார்ட்’ கொடுத்தால் ‘நெட்வொர்க் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். ‘அப்’ கட்டளையை ஃபோர்ஸ் ரீகிரியேட் ஆப்ஷனோடு கொடுத்தால் சரியாகும். ஆனால் கன்டெய்னர் புதிதாக உருவாவதால், வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் இடம்) இல்லாமல் அதற்குள்ளேயே எழுதிய கோப்புகள் போய்விடும். இங்கேதான் உண்மையான இழப்பு.

எக்ஸ்டர்னல் (கம்போஸுக்கு வெளியே உருவானது) என்று குறித்த நெட்வொர்க்குகளில் இன்னும் கவனம் வேண்டும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உரிய சேவைக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸிக்காகக் கையால் உருவாக்கியதைக் கம்போஸ் தானாகத் திரும்ப உருவாக்காது. பராமரிப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்திய நேரத்தில் ப்ரூன் ஓடினால், அதை நம்பியிருக்கும் ஒரு புராஜெக்ட்கூட எழாது. இப்படிப்பட்டவற்றை உருவாக்கும்போதே லேபிள் போட்டு, ப்ரூனின் ஃபில்டரில் அந்த லேபிளை விலக்கிவிடுங்கள்.

ப்ரூனுக்கு ஒத்திகை பார்க்கும் வசதி கிடையாது. அதனால் முதலில் ‘டாக்கர் நெட்வொர்க் எல்எஸ்’ கட்டளையை ‘டாங்க்ளிங்’ (பயன்பாட்டில் இல்லாதவை) ஃபில்டரோடு ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள். ‘இன்ஸ்பெக்ட்’ காட்டுவதும் ஓடும் கன்டெய்னர்களை மட்டுமே. சந்தேகமாக இருந்தால், ‘டாக்கர் பிஎஸ்’ஸில் நின்றுபோனவற்றையும் சேர்த்து, நெட்வொர்க் பெயரால் வடிகட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. இதையெல்லாம் பார்க்காமல், கேள்வி கேட்காத ஃபோர்ஸ் ஆப்ஷனோடு, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டு வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

‘அன்டில்’ ஃபில்டரையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 24 மணி நேரம் என்று கொடுத்தால், அது பார்ப்பது நெட்வொர்க் உருவான நேரத்தை; கடைசியாகப் பயன்பட்ட நேரத்தை அல்ல. ஆறு மாதப் பழைய நெட்வொர்க், நேற்றுவரை வேலை செய்திருந்தாலும் போய்விடும்.

நெட்வொர்க்குகளுக்காக டாக்கர் உருவாக்கும், ‘பிஆர்’ என்று தொடங்கும் பிரிட்ஜ்களை லினக்ஸின் ‘ஐபி லிங்க்’ கட்டளையால் நேரடியாக அழிக்காதீர்கள். டாக்கரின் பதிவில் அந்த நெட்வொர்க் அப்படியே இருக்கும், இணைப்பு மட்டும் அறுந்துவிடும்.

அடிக்கடி இடம் தீர்ந்தால் ப்ரூனை நம்பிப் பயனில்லை. டாக்கரின் அமைப்புக் கோப்பான ‘டீமன் டாட் ஜேசன்’ கோப்பில், உங்கள் அலுவலக நெட்வொர்க்கோடும் விபிஎன்னோடும் மோதாத ஒரு /16 வரம்பை (65,536 முகவரிகள்) /24 துண்டுகளாக (தலா 256 முகவரிகள்) பிரித்துக் கொடுங்கள். 256 நெட்வொர்க்குகளுக்கு இடம் கிடைக்கும். டாக்கரை ரீஸ்டார்ட் செய்த பிறகு உருவாகும் நெட்வொர்க்குகளுக்கே இது பொருந்தும்.