தாய்–சேய் நலத்திட்டத்தை மதிப்பிடுவது எப்படி? மூதூரை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

தாய்–சேய் நலத்திட்டம் ஒன்று பயன் தந்ததா என்று அறிய, இவ்வேலைக்குப் புதிதாக வருவோர் முதலில் மரண எண்ணிக்கையைத்தான் தேடுவார்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள மூதூர் போன்ற ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் (ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பிலுள்ள பிரதேசத்தின்) அளவில் அது ஏமாற்றிவிடும். வருடத்துக்கு 2,000 பிறப்புகள் நிகழும் பிரிவொன்றில், தாய் மரண வீதம் 100,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 30 என்று வைத்துக்கொண்டால், எதிர்பார்க்கத்தக்கது 0.6 மரணமே. ஒரு வருடம் வீதம் பூச்சியமாக இருக்கும். மறுவருடம் ஒரேயொரு தாய் இறந்தாலும் 50 ஆகிவிடும். இவ்விரண்டையும் வைத்துத் திட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே முதற்படி, கேள்வியைச் சுருக்குவது. “தாய்மார் நலம் மேம்பட்டதா?” என்று கேட்காமல், “பிரசவித்த தாயை முதல் 10 நாட்களுக்குள் மருத்துவமாது இரு தடவை வீட்டில் சென்று பார்த்தாரா?” என்று கேளுங்கள். பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் சிசு மரணங்களில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நிகழ்வதால் இந்தக் கேள்வி உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

இரண்டாவது படி பகுதியெண், அதாவது வீதத்தைக் கணிக்கும் பின்னத்தின் கீழ் எண். பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன். முதன்முதலில் நான் போட்ட கணக்கில் 108 சதவீதத் தாய்மார் பார்க்கப்பட்டிருந்தார்கள்! வேறு பிரிவில் பதிவுசெய்துவிட்டுப் பிரசவத்தின் பின் உறவினர் வீட்டில் வந்து தங்கியவர்களைத் தொகுதியில் (மேல் எண்ணில்) சேர்த்த நான், பகுதியில் சேர்க்கவில்லை. மேலே எண்ணப்படும் ஒவ்வொரு தாயும் கீழேயும் இருக்கவேண்டும். அதுபோல, பிறந்து ஓரிரு மூச்சு விட்டு இறந்த குழந்தை “இறந்து பிறந்தது” என்று எழுதப்பட்டால், 28 நாட்களுக்குட்பட்ட சிசு மரண வீதம் பொய்யாகக் குறைந்து காட்டும். எனவே பிரசவ அறைப் பதிவேட்டையும் மருத்துவமாதின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, திட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பது. கிண்ணியாப் பாலம் 2009இலும், மூதூர் வீதியிலுள்ள கங்கை, இறால்குழி, உப்பாறு பாலங்கள் 2011இலும் திறக்கப்பட்டன. அதற்கு முன் மூதூரிலிருந்து திருகோணமலை நகருக்கு நேரடியாகப் போக, கொட்டியாரக்குடாவைப் படகில் கடக்கவேண்டியிருந்தது அல்லது வீதியில் இடையிடையே “பாதை”க்கு (வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கு) காத்திருக்கவேண்டியிருந்தது. 2010இல் தொடங்கிய திட்டமொன்று இருந்ததாக எண்ணிப் பாருங்கள். 2012இல் நிலைமை சீரானால், புகழ் திட்டத்துக்கா, பாலங்களுக்கா? முன்னும் பின்னும் ஒரு வருடத்தை மட்டும் ஒப்பிடுபவருக்கு இதற்குப் பதில் கிடைக்காது. திட்டத்துக்கு முந்திய பல வருடங்களின் போக்கையும், பாலங்களால் அவ்வளவாக மாறாத கோமரங்கடவல போன்ற ஒரு பிரிவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்போதும் இரு பிரிவுகளும் முற்றிலும் ஒத்தவையல்ல என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

இறுதியாக, எண்களை விட்டுத் தாய்மாரிடம் போங்கள். வெருகல் பக்கம் ஒரு தாயிடம், “தாமதமானதா?” என்று கேட்டால், “இல்லை” என்பார். அதற்குப் பதிலாக மூன்று நேரங்களைக் கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தது எத்தனை மணிக்கு, வாசலை அடைந்தது எத்தனை மணிக்கு, மருத்துவர் பார்த்தது எத்தனை மணிக்கு. நோவு தொடங்கிய நேரத்தையும் அவற்றுக்கு முன்னால் எழுதினால், தாமதம் வீட்டிலா, வீதியிலா, ஆஸ்பத்திரி விடுதியிலா என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.