சர்க்கரை நோயா? சிறுநீரில் அல்புமினையும் பாருங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின் அளவைப் பார்த்துவிடுங்கள். கல்லீரல் உருவாக்கி ரத்தத்தில் விடும் புரதம் இது. சிறுநீரகத்தின் வடிகட்டி நன்றாக இருந்தால் இதை வெளியே விடாது. பழுதாகத் தொடங்கினால் கசியும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப் பொருள்) ஏறுவதற்கு முன்பே பெரும்பாலும் இந்தக் கசிவு தெரிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

லேபில் ‘அல்புமின் கிரியாட்டினின் விகிதம்’ என்று கேளுங்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்த நாளில் கொடுக்காதீர்கள், அளவு கூடிக் காட்டும். ஒருமுறை கூடினால் பயப்பட வேண்டாம். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சிறுநீரில் நுரை வந்த அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆரம்பக் கசிவில் பெரும்பாலும் நுரையே தெரியாது.