ஓவர்கிளாக் செய்ததும் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா? ரேமைப் பாருங்கள்

பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) பிராசசர் வேகத்தைக் கூட்டி, அதாவது ஓவர்கிளாக் செய்து, சேவ் கொடுத்தீர்கள். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே பிராசசர் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். குமரி மாவட்டம் ஈத்தாமொழியில் என் வீட்டில் இன்னும் ஓடும் இன்டெல் பென்டியம் இ5200 பிராசசரை வைத்துச் சொல்கிறேன். 2008-ல் வந்த சிப், ஜி31 மதர்போர்டு, டிடிஆர்2-800 ரேம்.

முதல் படி: மீட்பது

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பின்னால் போகிறதென்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள்.

இரண்டாம் படி: கணக்கு

பலரும் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். இ5200-ன் வேகம் 200 × 12.5, அதாவது 2,500 மெகாஹெர்ட்ஸ். 12.5 என்பது மல்டிப்ளையர், அதாவது பெருக்கும் எண்; அதை மேலே ஏற்ற முடியாது. 200 என்ற எஃப்எஸ்பியைத்தான் (பிராசசரும் போர்டும் பேசிக்கொள்ளும் அடிப்படை வேகம்) ஏற்ற வேண்டும். 240 வைத்தால் 3,000.

ஆனால் ரேமும் அதே கயிற்றில் கட்டியிருக்கிறது. 200 × 4 = 800 என்று ஓடிக்கொண்டிருந்த ரேம், 240-ல் 960-க்குத் தாவும். மலிவான ரேம் அதைத் தாங்காது. இது புரியாமல் இரண்டு நாள் பிராசசர் வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

பயாஸில் மெமரி மல்டிப்ளையரை 4.00-லிருந்து 3.33-க்கு இறக்குங்கள். சில போர்டுகளில் '667' என்று இருக்கும். இப்போது 240 × 3.33, கிட்டத்தட்ட 800. ரேம் தன் சொந்த வேகத்திலேயே ஓடும். கையோடு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு போன்றவை மாட்டும் இணைப்பு) வேகத்தை 'ஆட்டோ'வில் விடாமல் 100 என்று பூட்டிவிடுங்கள். அது நகர்ந்தால் ஹார்ட் டிஸ்க் காணாமல் போகலாம்.

மூன்றாம் படி: கொஞ்சம் கொஞ்சமாக

210, 220, 230 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நிலையிலும் முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+, அப்புறம் பிராசசருக்குக் கடும் வேலை கொடுக்கும் பிரைம்95. பிரைமில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' பிராசசரைச் சுட வைக்கும்; 'பிளெண்ட்' ரேமையும் சேர்த்துச் சோதிக்கும். முதலாவது நன்றாக ஓடி, இரண்டாவதில் மட்டும் பிழை வந்தால் மறுபடி ரேம் பக்கம் திரும்புங்கள்.

240 வைத்து, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1,440 என்று காட்டினால் பதற வேண்டாம். வேலை இல்லாதபோது மல்டிப்ளையர் 6-க்கு இறங்கும், அவ்வளவுதான்.

நான்காம் படி: சூடும் உப்பும்

பிராசசர் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் 70 டிகிரியைத் தாண்டினால் சோதனையை நிறுத்துங்கள். கூலரைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் தூசி மெத்தைபோல இருக்கும். எங்கள் ஊரில் அதோடு தேங்காய் நார்த் தும்பும் கலந்திருக்கும். பிராசசர் மேல் இருக்கும் பழைய பேஸ்டை (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) துடைத்துவிட்டு, சிறுபயறு அளவு புதிது வையுங்கள். கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் குறுக்குமறுக்காக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். ஒரு கால் தூக்கிக்கொண்டு நின்றாலும் சூடு இறங்காது.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். உப்புக்காற்று அங்கே படலம் கட்டும்.

தோப்பு மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதா? ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால், சிக்கல் கரண்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி).

வோல்டேஜைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். இந்தச் சிப்புக்கு இன்டெல் சொன்ன உச்சம் 1.3625 வோல்ட். மலிவு போர்டில் மின்சாரம் கொடுக்கும் பாகங்களுக்கு ஹீட்சிங்க்கூட இருக்காது என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் மெஷின் 240-ல் பிரைமை முடிக்கவில்லை. 235-ல் நிறுத்தியிருக்கிறேன்: 2,937 மெகாஹெர்ட்ஸ். மூன்றாயிரத்துக்கு 63 குறைவு, பரவாயில்லை.