கல்யாண மண்டபத்தில் கேமரா பையைக் காப்பது எப்படி?

கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோர் கண்ணும் மேடையில்தான். லென்ஸ் பை மட்டும் நாற்காலிக்கடியில் கேட்பாரற்றுக் கிடக்கும். பட்டுவேட்டி கட்டிய ஒருவர் அதை எடுத்து நடந்தால், மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றே நினைப்பார்கள்.

முகூர்த்தம் முடியும்வரை உதவியாளர் ஒருவருக்குப் பையைப் பார்ப்பது மட்டுமே வேலை. லைட் பிடிக்கவும் கூப்பிடாதீர்கள். ஆளில்லையா? சைக்கிள் பூட்டுக் கம்பியால் பையைத் தூணோடு பூட்டுங்கள். கம்பியைத் தோள்பட்டை வாரில் கோக்க வேண்டாம், கொக்கியைக் கழற்றினால் பை வந்துவிடும். துணியோடு சேர்த்துத் தைத்த கைப்பிடியில் கோத்து, ஜிப்புகளையும் சேர்த்துப் பூட்டுங்கள். மணமகள் அறை பத்திரம் என்பார்கள். அந்தச் சாவி பத்துக் கை மாறும்.

படமெடுத்த மெமரி கார்டு பைக்குள் போகவே கூடாது. ஜிப் வைத்த சட்டைப்பைதான் அதற்கு இடம். கேமரா வேறு வாங்கலாம், தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா?

கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாவற்றின் சீரியல் எண்களையும் பில்லோடு படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். திருட்டுப் போனால் அந்த எண்களோடு புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையத்தில் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு மட்டும் திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டுக்கு எஃப்ஐஆர் நகல் கேட்பார்கள்.