சேலத்துக்கு ஒரு ராஜ்யம்: பெருங்குடிகளைக் கற்பனை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்று வரலாறு எழுத ஆசைப்படுபவர்களுக்குச் சேலம் நல்ல களம். தாரமங்கலம், அமரகுந்தி, ஓமலூர்ப் பக்கம் கெட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்கள் வலுவாக இருந்தார்கள். மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான், ஆனால் உள்ளூரில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். 17ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் அவர்களுடைய ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே மைசூர் தோற்றிருந்தால்? இந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு ராஜ்யமே கிளம்பிவிடும். ராஜாவும் சுலபமாகக் கிடைத்துவிடுவார். அவருக்குக் கீழே வரும் பெருங்குடிகளை உருவாக்கும் இடத்தில்தான் கதை சறுக்குகிறது.

பெரும்பாலானவர்கள் பட்டங்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். டியூக், ஏர்ல், பாரன் என்று ஐரோப்பிய ஏணியை அப்படியே இறக்கி, படிக்கு ஒரு தமிழ்ப் பெயரை ஒட்டிவிடுவார்கள். நம் பட்டங்கள் இப்படி ஒரே ஏணியில் ஏறியவை இல்லை. பழங்காலத்தில் படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் கிடைத்தன. வணிகனுக்கு எட்டிப் பட்டமும் பொற்பூவும். இதில் யார் மேல், யார் கீழ் என்று கேட்டால் பதில் இல்லை, இருவரும் வேறு வேறு வழியில் வந்தவர்கள். சோழர் கால அதிகாரிகள் பலருக்கு மூவேந்தவேளான் பட்டம் இருந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் அரசனின் பெயரும் வரும்: ராஜராஜ மூவேந்தவேளான், ராஜேந்திர சோழ மூவேந்தவேளான். எந்த ராஜா தூக்கிவிட்ட ஆள் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இதைக் கதைக்குள் கொண்டுவந்தால் ஒரு பக்க விளக்கம் மிச்சம். புது ராஜா பட்டமேறி ஐந்து வருடம் ஆன பிறகும் பழைய ராஜாவின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் சபையில் நின்றால், வாசகருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

பட்டத்தைவிட முக்கியம் பணம். இந்த மனிதர் எதை வைத்துச் சாப்பிடுகிறார், எத்தனை பேருக்குச் சோறு போடுகிறார்? இதற்கு விடை இல்லாமல் அரண்மனையும் யானையும் எழுதுவது வீண். சேலத்துப் பிரபுவுக்குத் தஞ்சாவூர் மிராசுதாரின் வாழ்க்கையைக் கொடுத்துவிடுகிறார்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், வருடம் முழுக்க ஓடும் வாய்க்கால். சேலம் சீமை பெரும்பாலும் புன்செய். ஏரியும் கிணறும்தான் கதி. மேட்டூர் அணையே 1934இல் வந்ததுதான், அதுவும் பெரும்பாலும் கீழே டெல்டாவுக்காகக் கட்டியது.

அப்படியானால் பணம் எங்கே? மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. சேலத்திலிருந்து வடக்கே தர்மபுரிக்குப் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய். அரூர், ஊத்தங்கரைப் பக்கம் போக மஞ்சவாடி. கிழக்கே கடற்கரைச் சீமைக்கு வசிஷ்ட நதியை ஒட்டி ஆத்தூர் வழி. மேற்கே காவிரித் துறைகள், அந்தப் பாதையைப் பார்த்தபடி சங்ககிரி மலைக்கோட்டை. பொதிமாடும் வண்டியும் இவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சுங்கம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெரிய மனிதர். என்னைக் கேட்டால், இந்த ராஜ்யத்துக்கு நாலைந்து பெரிய குடும்பங்கள் போதும், கணவாய்க்கு ஒன்று. அவர்களுக்குள் கல்யாணமும் பகையும் தானாக வந்துவிடும். இதோடு கஞ்சமலையின் இரும்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830களில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தபோது சேலத்து இரும்புக்கல்லைத்தான் நம்பினார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இங்கே சின்ன உலைகளில் இரும்பு உருக்கினார்கள். கஞ்சமலையைக் கையில் வைத்திருக்கும் குடும்பம் ராஜாவுக்கு வாள் கொடுக்கும், தேவைப்பட்டால் கொடுக்காமலும் இருக்கும்.

காலப்பிழைகள் சில: 17ஆம் நூற்றாண்டில் ஏற்காட்டில் காபித் தோட்டப் பிரபு இருக்க முடியாது. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில். ஜவ்வரிசி ஆலை முதலாளியும் வேண்டாம். அது 1940களின் தொழில்.

வாரிசு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. மூத்த மகனுக்கே எல்லாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் பக்கத்து வழக்கப்படி சொத்தில் எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு. மூன்று தலைமுறையில் பெரிய குடும்பம் பத்துச் சின்னக் குடும்பங்களாகிவிடும். பாளையம் மாதிரியான சொத்துகள் பிரியாமல் ஒருவரிடமே போனது விதிவிலக்கு. அந்த விதிவிலக்குக்குச் சண்டையும் கோர்ட்டும் ஓயவே இல்லை. கடைசியில் சென்னை மாகாணத்தில் 1904இல் பாகப்பிரிவினை செய்ய முடியாத எஸ்டேட்டுகளுக்கென்று தனிச்சட்டமே போட்டார்கள். உங்கள் ராஜ்யத்தில் எந்த வழக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பங்கு பிரியும் என்றால் ராஜாவுக்குக் கொண்டாட்டம், எந்தக் குடும்பமும் நூறு வருடத்துக்குமேல் மிரட்டாது. பிரியாது என்றால் தம்பிகள் என்ன செய்கிறார்கள்? படைக்குப் போகிறார்களா, மைசூரோடு ரகசியமாகக் கடிதம் எழுதுகிறார்களா?

புதுக் குடிகள் எப்படி முளைக்கின்றன என்பதற்கும் சேலத்திலேயே ஒரு நிஜ உதாரணம் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. 1792இல் சேலமும் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குடியானவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் தொடங்கினார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மேலிடத்துக்கு வேறு யோசனை வந்தது. நிலத்தை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் போட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். வாளும் வேண்டாம், வம்சமும் வேண்டாம், ஏலத்தொகை இருந்தால் போதும். பலர் வரிப்பாக்கி கட்ட முடியாமல் விழுந்தார்கள், பல மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. மிஞ்சியவை 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. பழைய கோட்டைக் குடும்பம் ஒன்று, ஏலத்தில் எடுத்த குடும்பம் ஒன்று, இரண்டும் ஒரே ஊரில் எதிரெதிரே இருந்தால் போதும். அதற்குமேல் வில்லன் தேட வேண்டியதில்லை.

அவர்கள் மோதிக்கொள்ளும் இடமாக அரசவையைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குக் கோயில் வாசல்தான் பொருத்தமாகப் படுகிறது. பரிவட்டம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்பதில்தான் நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் மானம் இருந்தது. கெட்டி முதலிகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கூட அவர்கள் திருப்பணி செய்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பார்த்திருப்பார். ஏரி வெட்டுவதும் சத்திரம் கட்டுவதும் இதே கணக்கில் சேரும். குளம் வெட்டாத பிரபுவை ஊரில் யார் மதிப்பார்கள்?

மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையை ஆளில்லாத காடாகவோ, ராஜாவுக்கு வில் தூக்கும் காவலர் குடியிருப்பாகவோ காட்டுவது ரொம்பப் பழகிப்போன தவறு. மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைக்குடிகளுக்குத் (கேரளத்தவர் அல்ல) தங்கள் வரலாறு உண்டு: காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் மூத்தவர் இந்த மலையில் தங்கினார், மற்றவர்கள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பார்கள். நாடு என்ற ஊர்த்தொகுதி, அதன் தலைவரான பட்டக்காரர், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அங்கேயே இருந்தன. மலை உச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். ஆகவே கீழேயிருந்து ஒரு பிரபுவை மேலே அனுப்பி ஆளவைப்பதை நம்ப முடியாது. பட்டக்காரர் கீழே இறங்கி வந்து, கப்பம் எவ்வளவு, பதிலுக்கு என்ன மரியாதை என்று பேசி முடிக்கும் காட்சி நம்பும்படி இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு எரிச்சலூட்டுவது. 1650இல் வரலாறு பிரிந்துவிட்டது என்று எழுதிவிட்டு, 1917இல் ராஜாஜியைச் சேலம் நகராட்சித் தலைவராக உட்காரவைக்கிறார்கள். அவரும் சேலம் விஜயராகவாச்சாரியாரும் வக்கீல்கள். கம்பெனி இல்லை, ஆங்கிலக் கோர்ட் இல்லை, 1866இல் வந்த நகராட்சியும் இல்லை என்றால் அந்த வக்கீல் வர்க்கமே இல்லை. பிரபுக்களைப் பேச்சால் மடக்கும் அந்த ஆட்கள் உங்கள் ராஜ்யத்தில் எந்த மடத்தில், எந்தச் சர்க்கார் கச்சேரியில், யாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்கிறார்கள் என்று எழுதுங்கள். பெயர்களையும் புதிதாக வையுங்கள்.