பேஸ்பால் அவுட்டை கிரிக்கெட் கண்ணால் பார்க்காதீர்கள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் அமெரிக்க பேஸ்பால் பார்க்க உட்கார்ந்தால், முதல் அரை மணி நேரத்தில் எல்லாம் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும். பந்து தரையில் படுமுன் பிடித்தால் அவுட், மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்கக்கூடியதாக இருந்தும் விட்டுவிட்ட பந்து) ஆனால் அவுட், மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி ஆட வரும். ஒன்பது இன்னிங்ஸ், ஆக ஒரு அணிக்கு 27 அவுட். அவுட் ஆனவர் தன் முறை வரும்போது மறுபடி ஆட வருவார். இதுவரை சரி. ஓடுகிறவர்களை அவுட் ஆக்கும் இடத்தில்தான் நம் கிரிக்கெட் புத்தி காலை வாரிவிடுகிறது.

ரன் அவுட்டில் ஸ்டம்பைச் சாய்த்தால் போதும், ஓடுபவரைத் தொடவே வேண்டாம். அதே பழக்கத்தில், ஃபீல்டர் பந்தோடு பேஸை (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ஹோம் என்ற நான்கு இடங்களில் ஒன்றை) மிதித்ததும் ரன்னர் அவுட் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. அந்த ரன்னர் ஓடியே ஆக வேண்டியவரா, விரும்பி ஓடுகிறவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பேஸ் ஒருவருக்குத்தான் சொந்தம். பேட்டர் பந்தை அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடி வருகிறார், அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார் என்றால், நிற்பவர் இடத்தைக் காலி செய்துவிட்டு செகண்டுக்குப் போயே ஆக வேண்டும். இவரை அவுட் ஆக்க, இவர் வந்து சேருமுன் ஃபீல்டர் பந்தோடு செகண்ட் பேஸை மிதித்தால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட். ஆனால் ஃபர்ஸ்ட் காலியாக இருந்து செகண்டில் மட்டும் ஒருவர் இருந்தால் அவரை யாரும் தள்ளவில்லை, தானாகத் தேர்டுக்கு ஓடுகிறார், எனவே பந்தால் (அல்லது பந்து உள்ள கையுறையால்) அவர் உடம்பைத் தொட்டே ஆக வேண்டும். அது டேக் அவுட்.

இந்தக் கட்டாயம் நடுவிலேயே போய்விடவும் செய்யும். ஃபர்ஸ்டில் ஆள் இருக்கும்போது தரையோடு உருண்டு வந்த பந்தை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எடுத்து, முதலில் தன் பேஸை மிதித்து பேட்டரை அவுட் ஆக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளியவரே அவுட், இனி முன்னால் ஓடுபவருக்கு ஓடும் கட்டாயம் இல்லை. செகண்டில் நிற்கும் ஃபீல்டர் பந்தோடு பேஸை மிதித்துக்கொண்டு நின்றால் பயனில்லை, ரன்னரைத் தொட வேண்டும். டிவியில் இதைப் பார்த்து 'ஏன் அவுட் கொடுக்கவில்லை' என்று கத்துகிறவர்கள் நிறைய.

அடுத்த தவறு இன்னும் பெரியது: மூன்றாவது அவுட் விழும்முன் ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டால் எப்போதும் ரன் உண்டு என்று நினைப்பது. மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட் என்றால், அல்லது ஃபர்ஸ்டைத் தொடும்முன் பேட்டர் அவுட் ஆனால், ரன் செல்லாது. 1908 செப்டம்பர் 23-ல் நியூயார்க் ஜெயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் ஆடியபோது இதுதான் நடந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். ஜெயன்ட்ஸின் பிரிட்வெல் அடிக்க, தேர்டில் இருந்தவர் ஹோமுக்கு வந்துவிட்டார், கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஃபர்ஸ்டில் இருந்த 19 வயது ஃபிரெட் மெர்க்கிள், ஆட்டம் முடிந்தது என்று செகண்டைத் தொடாமலே திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தோடு செகண்டை மிதித்தார், அது ஃபோர்ஸ் அவுட், ரன் ரத்து. ஆட்டம் டிரா என்று முடிவாகி, மறுபடி ஆடியதில் கப்ஸ் ஜெயித்தது. அந்தக் காலத்தில் பலரும் செய்த ஒரு காரியத்துக்கு அந்தப் பையன் வாழ்நாள் முழுக்கப் பழி சுமந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பேஸை மிதித்து எடுக்கும் எல்லா அவுட்டும் ஃபோர்ஸ் அவுட் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் தவறு. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்ததும் பந்து செத்துவிடும், பேஸ்பாலில் சாகாது. பிடித்த பிறகு ரன்னர் தன் பழைய பேஸைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடலாம். அவசரப்பட்டு முன்பே கிளம்பியவர் திரும்பி வருமுன் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவர் அவுட். பார்க்க ஃபோர்ஸ் போலவே இருக்கும், ஆனால் ஃபோர்ஸ் இல்லை. ஒரு அவுட் ஆகியிருக்கும்போது உயரமான பந்தைப் பிடிக்கிறார்கள், தேர்டில் இருப்பவர் முறையாகக் காத்திருந்து ஹோமுக்கு வருகிறார், அதன் பிறகு ஃபர்ஸ்டுக்குத் திரும்ப முடியாமல் இன்னொருவர் மூன்றாவது அவுட் ஆகிறார் என்றால், முன்பே வந்த அந்த ரன் செல்லும். அனுபவப்பட்ட ரசிகர்களே தடுமாறும் இடம் இது.

இன்ஃபீல்ட் ஃபிளை விதியும் இதோடு சேர்ந்ததுதான். ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள் (அல்லது மூன்று பேஸிலும்), இரண்டு அவுட் இன்னும் ஆகவில்லை, உள்வட்ட ஆட்டக்காரர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) எளிதாகப் பிடிக்கக்கூடிய ஃபேர் பந்து (எல்லைக் கோடுகளுக்குள் வரும் பந்து) மேலே போகிறது. விதி இல்லாவிட்டால் அவர் வேண்டுமென்றே கீழே விட்டு, கேட்சுக்குப் பயந்து பேஸிலேயே நின்ற இருவரையும் ஃபோர்ஸில் அள்ளிவிடலாம். அதனால் பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் பேட்டர் அவுட். ரன்னர்கள் ஓடவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, துணிந்தால் ஓடலாம், பந்து கீழே விழுந்திருந்தால் தொட்டால்தான் அவுட். பந்து உள்வட்டத்துக்குள்ளேயே விழ வேண்டும் என்பதும் கிடையாது. 2012-ல் அட்லாண்டாவில் பிரேவ்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும் நடந்த வைல்ட் கார்ட் (தோற்றால் வெளியே) ஆட்டத்தில், வெளிமைதானப் புல்லில் விழுந்த பந்துக்கு இந்தத் தீர்ப்பு வர, ரசிகர்கள் பாட்டில்களை வீசி ஆட்டமே நின்றது. அவ்வளவு தாமதமாக அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்ட்ரைக்கில் இரண்டு விஷயம் போதும். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு சாதாரண ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன அடி) மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது, ஆனால் பன்ட் செய்து (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டி) ஃபவுல் போனால் அவுட். அப்புறம், மூன்றாவது ஸ்ட்ரைக் பந்தை கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் நிற்பவர்) தரையில் படாமல் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால், ஃபர்ஸ்ட் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஃபர்ஸ்டுக்கு ஓடலாம். 2005-ல் ஒயிட் சாக்ஸின் பியர்ஸின்ஸ்கி ஏஞ்சல்ஸுக்கு எதிராக அப்படி ஓடித்தான், முடிந்திருக்க வேண்டிய இன்னிங்ஸ் நீண்டு அவர் அணி 2-1 என்று ஜெயித்தது. பந்து தரையில் பட்டதா என்று சந்தேகம் இருந்தால் கேட்ச்சர்கள் ஸ்ட்ரைக் அவுட் ஆனவரையும் பந்தால் ஒரு தட்டுத் தட்டிவிடுவார்கள், அடுத்த ஆட்டத்தில் கவனித்துப் பாருங்கள்.