டிரைகிளிசரைடு மாத்திரைல நம்மாளுங்க பண்ற தப்புகள்

எங்க மாமாவுக்கு ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு 640 வந்துச்சு, டாக்டர் அத குறைக்க ஃபீனோஃபைப்ரேட்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு, மூணு மாசத்துல 180க்கு இறங்கிடுச்சு, உடனே "அதான் சரியாயிடுச்சே"ன்னு நிறுத்திட்டாரு. என்னமோ காய்ச்சல் மாத்திரை மாதிரி. அடுத்த டெஸ்ட்ல 590. மாத்திரை உள்ள போற வரைக்கும்தான் அது அடங்கி இருக்கும், நிறுத்துறத டாக்டர்தான் சொல்லணும்.

அவரு பண்ண இன்னொரு கூத்து, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல். "இதுலயும் ஒமேகா-3தானே"ன்னு மெடிக்கல்ல ஒரு டப்பா வாங்கிட்டு வந்துட்டாரு. முன்னாடி பெருசா 1000 மில்லிகிராம்னு போட்டிருக்கும், டப்பாவ திருப்பிப் பாத்தா ஒமேகா-3 வகைகளான ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக மொத்தம் 300தான். டாக்டர் எழுதுற டோஸ்ல ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல வரும், அப்ப இதுல பதினொண்ணு முழுங்கணும்! முழுங்கியும் தொலைச்சிடாதீங்க, அந்த அளவு போனா சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறா ஆகலாம்.

அடுத்தது ஹார்ட் டாக்டர் கொடுத்த ஸ்டாட்டின், அதாவது கொலஸ்ட்ரால் மாத்திரை பத்தி சுகர் டாக்டர்கிட்ட சொல்லாம விடுறது. டிரைகிளிசரைடுக்கே ஜெம்ஃபைப்ரோசில்னு இன்னொரு மாத்திரை இருக்கு, அது ஸ்டாட்டினோட சேர்ந்தா தசையே சிதைஞ்சு கிட்னி வரைக்கும் அடி விழலாம், அதனாலதான் ஸ்டாட்டினோட டிரைகிளிசரைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கணும்னா பெரும்பாலும் ஃபீனோஃபைப்ரேட்டுக்கு போறாங்க. அப்பவும் காரணமே இல்லாம தொடை வலிச்சு, யூரின் டிகாஷன் கலர்ல போச்சுன்னா அன்னைக்கே காட்டுங்க. எல்லா அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போறதுதான் நல்லது. ஃபீனோஃபைப்ரேட் அட்டையில 160னு இருந்தா சாப்பாட்டோட போடணும், 145னா எப்ப வேணா போடலாம். கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்டும் நடுவுல ஒருதடவ பாத்துக்கணும்.

"நான்தான் எண்ணெய் பலகாரமே தொடுறதில்லையே"ம்பாங்க, ஆனா மதியம் சோறு மலை மாதிரி இருக்கும், நாலு டீ, அதுல சக்கரை, ஞாயித்துக்கிழமை சரக்கு வேற. மிச்சமான மாவுச்சத்தையும் கல்லீரல் டிரைகிளிசரைடாத்தான் மாத்தி வைக்கும். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாம, தைராய்டும் பாக்காம வெறும் மாத்திரைய மட்டும் குறை சொன்னா எப்படி?

500ஐ தாண்டினவங்களுக்கு ஹார்ட்ட விட உடனடி பயம் கணையத்துக்குத்தான், 1000 தாண்டினா ரொம்பவே. மேல் வயிறு பிடிச்சு இழுத்து முதுகு வரைக்கும் வலி, கூட வாந்தின்னா கேஸ்னு சோடா குடிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க, டிரைகிளிசரைடு ரிப்போர்ட்டையும் கையில எடுத்துக்கோங்க.